அற்புதங்களைத் தள்ளுபடி செய்தவர்

பிரியாணியில் கிடக்கும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாவற்றையும் பொறுக்கி இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் அவர் முதல் கவளத்தை எடுப்பார். பந்தியில் மற்றவர்கள் தயிர்ச்சோற்றுக்குப் போயிருப்பார்கள், அவர் இன்னும் ஒரு பிரிஞ்சி இலையைத் தேடிக்கொண்டிருப்பார். கேட்டால், "சாரம் சோத்துல எறங்கிருச்சும்மா. இனி இது சக்கை. சக்கை நமக்கு எதுக்கு?" என்பார். மணம் வேண்டும், மணத்தைக் கொடுத்தது வேண்டாம். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இதற்கு மேல் ஒன்றுமில்லை என்று எனக்குச் சில சமயம் தோன்றும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை.

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு டி.டி.பி. கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் உண்டு. அவர் தாலுகா ஆபீஸில் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபைக்கும் அவர்தான் செயலாளர். சபை என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். நாற்பது கிறிஸ்தவக் குடும்பங்கள், தகரம் போட்ட ஒரு கோயில், நாலு ஊருக்குச் சேர்த்து ஒரு பாஸ்டர். பட்டா மாற்றமோ வாரிசுச் சான்றிதழோ எதுவானாலும் எந்த மேசையில் யாரைப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்பதால் சபையில் அவரை எதிர்த்து யாரும் பேசமாட்டார்கள். நானும் பேசியதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம், மஞ்சள் பையில் ஒரு வேதாகமத்தை வைத்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சுவிசேஷப் புத்தகங்கள் நான்கிலும் ஓரமெல்லாம் பச்சை மை, சிவப்பு மை. "பச்சையை மட்டும் அடிச்சாப் போதும்மா. செவப்பை விட்ரு. இயேசு சொன்ன நல்லொழுக்கம் மட்டும் தனியா ஒரு புஸ்தகம். படிச்சவன் கையில குடுத்தா வெக்கப்படாம வாங்கணும்" என்றார்.

வேலைக்கு உட்கார்ந்த பிறகுதான் ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். முப்பத்து நாலு வருடம் மனுக்களைப் பார்த்த கை. பச்சை மையில் "ஏற்பு". சிவப்பு மையில் "தள்ளுபடி", பக்கத்தில் காரணம். கல்யாண வீட்டில் தண்ணீர் திராட்சரசமான இடத்தில், "தள்ளுபடி. போதிய ஆதாரம் இல்லை." கடல்மேல் நடந்த இடத்தில், "தள்ளுபடி. இயற்கைக்கு முரண்." செத்து நாலு நாளான லாசரு கல்லறையிலிருந்து எழுந்து வரும் இடத்தில், "சம்பந்தப்பட்ட நபர் இறந்துவிட்டபடியால் கோப்பு முடிக்கப்படுகிறது." நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் அதைச் சிரிப்புக்காக எழுதவில்லை. அவருக்குச் சிரிப்பு என்கிற பழக்கமே கிடையாது.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். கடல்மேல் ஒருவர் நடந்தார் என்பதில் எனக்கும் அப்படி ஒன்றும் உறுதி இல்லை. கோயிலுக்குப் போவேன், பாடுவேன், அந்த இடம் வரும்போது நம்புகிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் தாண்டிவிடுவேன். ஆகவே அவர் அற்புதங்களை நம்பவில்லை என்பதற்காக நான் அவரை வெறுக்கவில்லை. அதற்கு மேலான காரணங்கள் இருந்தன.

அந்தத் திமிர்வாதக்காரன் கதை வந்த அன்றைக்கு முதல் காரணம் கிடைத்தது. கை கால் விழுந்துபோன ஒருவனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்து மேலிருந்து இயேசு முன்னால் இறக்குகிறார்கள். அதுவரைக்கும் பச்சை. அதற்குப் பிறகு சிவப்பு.

"ஐயா, எறக்கிட்டாங்க. அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் ஒண்ணுமில்ல. நாலு பேரு சிநேகிதனுக்காக அவ்வளவு கஷ்டப்பட்டாங்க பாரு, அதான் பாடம்."

"அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"கட்டில்ல கெடக்குற ஆளுங்கய்யா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் கதைக்கு அவசியமில்லம்மா" என்றார்.

நான் அப்படியே அடித்தேன். அவர் புத்தகம் முழுக்க அப்படித்தான். குருடர்கள் வழியோரம் உட்கார்ந்து கூப்பிடுகிறார்கள், அத்தோடு சரி. பன்னிரண்டு வருடம் இரத்தம் போன பெண் கூட்டத்தில் நுழைகிறாள், அத்தோடு சரி. மகள் சாகக் கிடக்கிறாள் என்று ஒரு தகப்பன் காலில் விழுகிறான், "தகப்பனின் பாசம், ஏற்பு" என்று எழுதிவிட்டு அந்தப் பெண்ணைச் சாக விட்டுவிட்டார். நூற்றுப்பத்துப் பக்கம் வந்த அந்தப் புத்தகத்தில் ஒரு நோயாளியும் எழுந்திருக்கவில்லை. இத்தனை பேர் படுத்துக் கிடக்கும் இடத்தில் நடுவில் நின்று ஒருவர் நல்லொழுக்கம் பேசிக்கொண்டே இருக்கிறார்.

அவரிடம் நல்லதே இல்லை என்று சொன்னால் பொய் சொன்னதாகும். ஒரு முறை எங்கிருந்தோ ஒரு சுகமளிக்கும் ஊழியக்காரர் வந்து பந்தல் போட்டார். சுகர் மாத்திரையை நிறுத்து, விசுவாசத்தைப் பிடி என்று எங்கள் சபை அம்மா ஒருவரிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாவும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு நாலாம் நாள் மயங்கி விழுந்தார். இவர்தான் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார். திரும்பி வந்து மைக்கைப் பிடுங்கி அந்த ஊழியக்காரரைக் கிழி கிழியென்று கிழித்தார். அன்றைக்கு அவர் பேசியதில் ஒரு சொல் தப்பில்லை, நான் கை தட்டினேன்.

கை தட்டியதற்கு நாலைந்து மாதத்திலேயே வருத்தப்பட்டேன். விராலிமலைப் பக்கம் நெடுஞ்சாலையில் லாரி மோதி எங்கள் சபைப் பையன் ஒருவன் செத்துப்போனான். இருபத்து மூன்று வயது. அடக்கம் முடிந்து வீட்டுக்குள் அவன் அம்மா சுவரில் சாய்ந்து, "மறுபடி பாப்பேன்ல, எம் புள்ளைய நான் மறுபடி பாப்பேன்ல" என்று வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஆமாம் தாயி என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? இவர் நாற்காலியை அவள் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உயிர்த்தெழுதல் என்பது ஒரு உருவகம், நல்லவர்கள் நம் நினைவில் வாழ்வார்கள் என்பதுதான் அதன் பொருள் என்று நிதானமாக விளக்கினார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் இந்த ஆள் எதையோ எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது. "ஐயா, எந்திரிச்சு அங்கிட்டுப் போங்கய்யா" என்றாள். அவர் வெளியே வந்து என்னிடம், "உண்மையைத் தாங்குற பக்குவம் நம்ம சனங்களுக்கு இல்லம்மா" என்றார். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்காமல் போனது. அதற்குப் பிறகு பிடிக்கவே இல்லை.

சரி, உண்மைதான் பெரிது என்கிற ஆள் என்றால், மிச்சம் வைத்துக்கொண்ட ஒழுக்கத்தையாவது ஒழுங்காகப் பிடித்திருக்கலாம். சொந்தத் தம்பியோடு ஒரு சந்துச் சுவர் விஷயத்தில் பதினாறு வருடமாகப் பேச்சு இல்லை. சகோதரனை எத்தனை தடவை மன்னிக்கவேண்டும் என்று சீஷன் கேட்கிற இடத்தில் பச்சையில் "ஏற்பு, மிக முக்கியம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அந்தப் பக்கத்தை நாங்கள் பிழை திருத்திக்கொண்டிருக்கும்போதே தம்பி ஆதார் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்குள் வந்துவிட்டார். இவர் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தவர், தம்பி சில்லறை வாங்கிக்கொண்டு போகும்வரை இறக்கவே இல்லை. பிறகு குனிந்து, "அந்த வரிய கொஞ்சம் போல்டா போடும்மா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கம் முழுவதையும் போல்டாக்கினேன்.

ஆகஸ்டில் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது, வாய் ஒரு ஓரம் இழுத்துக்கொண்டது. நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். சபைப் பெண்களில் நன்றாகப் பாடுகிறவர், கிண்டல் பேச்சுக்காரர். பிள்ளை துபாயில். பார்த்துக்கொள்ள ஒரு ஆயா ஏற்பாடாயிற்று. கணவர் என்ன செய்தார் என்றால், காலை பத்து மணிக்கு என் கடைக்கு வந்து நாலு மணிக்குத் திரும்பினார். அதற்கு முன் வாரம் இரண்டு நாள் வந்தவர், மனைவி படுத்த பிறகு தினமும் வந்தார். ஏற்கெனவே திருத்திய பக்கங்களையே எடுத்துத் திருத்தினார்.

"பெரியம்மா எப்பிடி இருக்காங்கய்யா?" என்று கேட்டால், "இருக்கா. ஆயா நல்லாப் பாத்துக்குது" என்பார். கேள்வி கேட்டதற்காக என்மேல் கோபப்பட்டதுபோல் இருக்கும்.

டிசம்பரில் கடைக்கு வந்து, இந்த வருடம் வாக்குத்தத்தச் சீட்டுகளைத் தானே தயார் செய்யப்போவதாகச் சொன்னார். அது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வருடப் பிறப்பு ஆராதனையில் ஒரு தட்டில் சின்னச் சின்னச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து கடவுள் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கும். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்கவேண்டும். கைக்கு வந்ததுதான் அந்த வருடத்துக்கு நமக்கான வாக்கு. ஒருமுறை எடுத்ததை மாற்றக்கூடாது. பர்ஸில் வைப்பார்கள், பீரோக் கதவில் ஒட்டுவார்கள், பிள்ளையின் பரீட்சை நோட்டுக்குள் செருகுவார்கள்.

"கிளி ஒண்ணுதான் கொறச்சல். மத்தபடி கிளி ஜோசியந்தான் இது" என்றார் அவர். "இந்த வருஷம் வாக்குத்தத்தம் கெடையாது. கட்டளை மட்டும். சனங்க என்ன கெடைக்கும்னு பாக்கக்கூடாது, என்ன செய்யணும்னு பாக்கணும்." தன் புத்தகத்திலிருந்து நூற்றைம்பது வரிகளைப் பொறுக்கிக் கொடுத்தார். பாஸ்டர் ஐயாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவருக்கு வேறு வேலை இருக்கிறது என்றார்.

இரண்டு நாள் கழித்து ஆயாவின் போனிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார், வரச்சொல்லி. போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் முழுக்க வருடா வருடம் எடுத்த சீட்டுகள், மஞ்சள் ஏறியவை, எண்ணெய் பட்டவை.

"சீட்டை மாத்துறாராமே" என்றார். பேச்சு கொழகொழவென்றுதான் வந்தது, ஆனால் புரிந்தது. "படுத்த நாள்லேருந்து நான் அந்தச் சீட்டுக்குத்தான் தாயி காத்துக்கிட்டு இருந்தேன்."

"சீட்டுல வந்தா நடந்துருமா பெரியம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவேண்டாம்.

"நடக்கும்னு யாரு சொன்னா? கால் வந்துரும்னா நெனைக்கிறேன்? பகல் பூரா இந்தச் செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். ஆயா டிவிய போட்டுட்டுத் தூங்கிருது. வருஷம் பூரா வாயில போட்டு மெல்லுறதுக்கு ஒரு வார்த்தை வேணாமா? நான் ஒன்ன விட்டுப் போகமாட்டேன்னு யாராச்சும் சொல்லணும்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பழசுல நாலஞ்சு கலந்து விடு. எங் கைக்கு வந்தா வரட்டும்" என்றார்.

"ஐயா பக்கத்துல உக்காந்து பேசுறதே இல்லையா?"

"வாசப்படியில நின்னு சாப்பிட்டியான்னு கேப்பாரு. உள்ள வரமாட்டாரு." வாயின் நல்ல ஓரத்தால் சிரித்தார். "புஸ்தகத்துல என்னைச் செவப்புல போட்டுட்டாரு போல."

நான் வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு பழைய வாக்குகளில் பத்தைச் சீட்டாக அடித்து, அவருடைய நூற்றைம்பதோடு கலந்து கட்டிக் கொடுத்துவிட்டேன். திருட்டுத்தனம்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

புது வருடக் காலை. பாஸ்டர் ஐயா இரவு ஆராதனையைப் பெரிய சபையில் முடித்துவிட்டு எங்களுக்குக் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். பெரியம்மாவை ஆயாவும் நானும் காரிலிருந்து இறக்கி, சக்கர நாற்காலியில் முன்வரிசை ஓரமாக வைத்தோம். புதுப் புடவை, தலை நிறையப் பூ. பிறகு பின்னறைக்குப் போனேன். அவர் மேசையில் சீட்டுகளைப் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் பழக்கம், படிக்காமல் எதையும் வெளியே அனுப்பமாட்டார். பத்துச் சீட்டும் தனியாக ஓரத்தில், வரிசையாக.

"இது எப்பிடி வந்துச்சு? போன வருஷத்து ஃபைல் கலந்துருச்சா?" என்றார்.

"பெரியம்மா கேட்டாங்கய்யா. ஒண்ணாவது இருக்கட்டும்."

"அவ ஒடம்பு சரியில்லாதவ. அவ கேக்குறதெல்லாம் செய்யமுடியுமா?" பத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தட்டு வந்தது. செயலாளர் என்பதால் அவரே ஏந்தி வந்தார். எங்கள் சனங்கள் வழக்கம்போலக் கண்ணை மூடி எடுத்தார்கள். எடுத்துப் பிரித்ததும் முகங்கள் எல்லாம் ஒரு மாதிரி ஆயின. எண்பது வயதுத் தாத்தாவுக்குப் பெண்களை இச்சையோடு பார்க்காதே என்று வந்தது. கல்லுடைக்கிற ஒருவருக்கு, உனக்கு உள்ளதை விற்றுப் பிச்சை கொடு. மகனைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்கு, துக்கத்தை முகத்தில் காட்டி அலையாதே. அவள் அதை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், மடித்துக்கொண்டே இருந்தாள். மேடையில் பாஸ்டர் ஐயா ஒரு சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

பெரியம்மா முன்னால் தட்டு வந்தது. அவர் கண்ணை மூடி ரொம்ப நேரம் ஜெபித்தார். உதடு மட்டும் அசைந்தது. வலது கையால் துழாவி ஒன்றை எடுத்து, கண்ணாடி இல்லாததால் என்னிடம் கொடுத்தார். நான் சத்தமாகத்தான் வாசித்தேன்.

"நோயாளியிடம் போய் அவனைப் பார்."

பெரியம்மா சீட்டைத் திரும்ப வாங்கினார். அதையே பார்த்தார். பிறகு தட்டு ஏந்தி நின்ற கணவரை நிமிர்ந்து பார்த்துக் கையை நீட்டினார்.

"ஏங்க, இது எனக்கு வந்தது இல்லைங்க. ஒங்களுக்கு வந்துருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த கடிதத்தை எடுத்துக் கொடுப்பதுபோலத்தான் சொன்னார். கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள். தட்டை இன்னும் கொஞ்சம் மனைவி பக்கம் நகர்த்தி, மெதுவாக, "வேற எடு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிளி ஜோசியம் என்றவர், என்ன கிடைக்கும் என்று பார்க்கக்கூடாது என்றவர், வேற எடு என்கிறார்.

"ஒரு தடவைதாங்க எடுக்கணும்" என்றார் பெரியம்மா.

அவர் சீட்டை வாங்கவில்லை. தட்டோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பெரியம்மாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது, நான்தான் பிடித்து மடியில் வைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கடையில் இருந்தார். ராத்திரி தூங்காத முகம். புத்தகத்தின் கடைசிப் ப்ரூப்பை மேசையில் வைத்து, எண்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார்.

"இந்த வரி வேணாம்மா. எடுத்துரு."

பார்த்தேன். பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர் என்று வரிசையாக வரும் இடம். நோயாளியைப் பார்க்கச் சொல்லும் வரியில் அவர் விரல்.

"இதுல அற்புதம் ஒண்ணும் இல்லையேங்கய்யா. மனுசன் செய்யக்கூடியதுதான."

 அவர் வைத்த விரலை எடுக்கவில்லை. 

நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். "ஐயா, ஒங்க வீடு இங்கருந்து நடந்தா ஏழு நிமிசம். அங்க ஒருத்தவங்க செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்காங்க. போங்க. போயி ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காருங்க. அப்பறம் வாங்க, புஸ்தகத்தையே வேணும்னாலும் அழிச்சுத் தாரேன்."

அவர் எழுந்து, ப்ரூப்பை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அப்பாடா, போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தால், சாலைக்கு அந்தப் பக்கம் திருச்சி பஸ் நிற்கும் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். பை மடியில். பஸ்கள் வந்தன, ஆட்கள் ஏறினார்கள், போனார்கள். அவர் எந்தப் பஸ்ஸையும் பார்க்கவில்லை, வீட்டுத் தெரு திரும்பும் பக்கத்தையும் பார்க்கவில்லை. மத்தியானம் வெயில் சரிந்து முகத்தில் அடித்தபோது பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். பயம் என்று எனக்குத் தெரிந்தது. அந்த அறைக்குள் போனால் தன்னால் எதையும் எழுப்ப முடியாது, ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரவும் முடியாது, சும்மா உட்காரத்தான் முடியும். அந்த ஒன்றுக்குத்தான் அவர் நடுங்கினார். அதெல்லாம் தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை. நாலு மணி ஆனதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, தினமும் என் கடையிலிருந்து போகிறவர்போல வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.